கோவில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி வேண்டும்

தங்கம் 2025 அக்டோபரில் முதன்முறையாக அவுன்சுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சபரிமலை ஐயப்பன் கோவிலின் தங்கம் எங்கே போனது என்று விசாரிக்கும் சிறப்புப் புலனாய்வுக் குழு முதல் கைதைச் செய்ததும் அதே மாதத்தில்தான். தெம்பனிஸில் உட்கார்ந்து இந்தச் செய்திகளைப் படித்த நம்மில் பலர், ‘கேரளாவில் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். சவுத் பிரிட்ஜ் சாலையில் நடந்தது அதற்குள் நமக்கு மறந்துவிட்டது.

வழிபாட்டுத் தலத்தில் உலோகம் திருடு போகிறது என்றால் சுவர் ஏறிக் குதிப்பவனும் உண்டியலை நெம்புபவனும்தான் நம் கண்முன் வருகிறார்கள். கேமரா, இரும்புக் கதவு, இரவுக் காவலர் எல்லாம் அவர்களுக்காகத்தான். அவை தேவை, சந்தேகமில்லை. ஆனால் சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோவிலில் தங்கம் வெளியேறியபோது எந்தப் பூட்டும் உடைபடவில்லை. எந்தக் கூரையும் பிரிக்கப்படவில்லை. பெட்டகத்தைத் திறக்க வேண்டியவரே திறந்தார்.

ஓராண்டில் 172 முறை

1827ல் தொடங்கப்பட்டு 1973ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது சவுத் பிரிட்ஜ் சாலையின் ஸ்ரீ மாரியம்மன் கோவில். அதன் முன்னாள் தலைமை அர்ச்சகருக்கு 2023 மே 30ஆம் தேதி ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அம்மனுக்குரிய தங்க நகைகளை எடுத்து அடகு வைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் மட்டும் 66 நகைகள், 172 முறை அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன. 2016 முதல் 2020 வரை அடகுக் கடைகளிலிருந்து கிடைத்த மொத்தப் பணம் 2.3 மில்லியன் வெள்ளிக்கும் மேல். 2018ல் கருவறைப் பெட்டகத்தின் சாவியும் அதன் எண் குறியீடும் அவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. அப்போது அவர் பொறுப்பில் வந்தவை 255 நகைகள். மதிப்பு ஏறத்தாழ 1.1 மில்லியன் வெள்ளி.

நகைகளின் மதிப்பைவிட அடகுத் தொகை இரட்டிப்பாக இருப்பது எப்படி? ஒரு நகையை அடகு வைத்து, வேறொன்றை அடகு வைத்த பணத்தில் முதலாவதை மீட்டு, பிறகு அதையே மறுபடியும் கொண்டுபோனால் இப்படித்தான் தொகை ஏறும். நகைகள் போவதும் வருவதுமாகச் சுழன்றுகொண்டே இருந்தன. திருவிழா நாளில் அம்மன் கழுத்தில் இருக்க வேண்டியது இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சன்னதியில் நின்று கும்பிடுகிறவர் எந்தச் சங்கிலி இன்று இல்லை என்று எண்ணிப் பார்ப்பதில்லை; எண்ணிப் பார்க்க வேண்டியதும் அவர் வேலை இல்லை.

விஷயம் வெளிவந்தது 2020 ஜூனில். கிருமிப் பரவல் காலத்தில் கோவிலின் நிதிப் பிரிவினர் நகைகளைச் சரிபார்க்க வந்தார்கள். பெட்டகத்தின் சாவி தன்னிடம் இல்லை, இந்தியாவுக்குப் போனபோது அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று தலைமை அர்ச்சகர் சொன்னார். வந்தவர்கள் விடவில்லை. அதன் பிறகுதான் உண்மை வந்தது.

அந்த ஒரு சாவி கையில் இல்லை என்றதும் கோவிலின் பெட்டகத்தைக் கோவிலாலேயே திறக்க முடியவில்லை. இந்த வழக்கில் எனக்கு ஆகப் பெரிய பாடமாகப் படுவது இதுதான். அந்த மனிதரின் பேராசையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஒரே ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருந்த ஏற்பாட்டைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

நகைகள் பிறகு கோவிலுக்குத் திரும்பிவிட்டன. அது நம் நல்ல காலம். அடகுக் கடையில் நகை நகையாகவே இருந்தது. உருக்கும் பட்டறைக்குப் போயிருந்தால் தண்டனை கிடைத்திருக்கும், நகை கிடைத்திருக்காது.

விலை ஏறினால் ஆபத்தும் ஏறும்

2016ல் ஓர் அவுன்ஸ் தங்கம் சராசரியாக 1,250 அமெரிக்க டாலர் அளவில் இருந்தது. அதே நகை இன்று மூன்று மடங்குக்கும் அதிக விலை. ஆனால் பல தலங்களில் பதிவேட்டில் இருக்கும் மதிப்பு, நகை வந்த நாளில் எழுதியதுதான். காப்பீடும் அந்தப் பழைய மதிப்புக்கே எடுக்கப்பட்டிருந்தால், இழப்பு வரும்போது கிடைப்பது மூன்றில் ஒரு பங்குகூட இராது.

இந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய வணிகர்கள் கொடுத்ததும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியானால் தாலி செய்து போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர், முதல் சம்பளத்தில் ஒரு பொட்டு வாங்கிச் சாத்தியவர், ஊருக்குத் திரும்பும் முன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போட்ட தொழிலாளி என்று சிறுகச் சிறுகச் சேர்ந்தது நிறைய. இவர்களில் பலரிடம் ரசீதுகூட இருக்காது. நகை காணாமல் போனால் வந்து கேட்பதற்கு அவர்களுக்குச் சான்று இல்லை. அதனால்தான் கணக்கு வைக்கும் கடமை முழுவதும் நிர்வாகத்தின் மேல் விழுகிறது.

தாளில் செம்பு

சபரிமலைக்கு வருவோம். 1998ல் அங்கே தங்கம் வேய்ந்தார்கள். 2019ல் துவாரபாலகர் சிலைகளின் தகடுகள் மறுபடி முலாம் பூசுவதற்காகச் சென்னைக்குப் போயின. ஒப்படைப்புப் பத்திரத்தில் அவை ‘செப்புத் தகடுகள்’ என்று எழுதப்பட்டன. கோவிலிலிருந்து இறங்கியபோது எடை 42.8 கிலோ. சென்னைப் பட்டறையில் நிறுத்தபோது 38.258 கிலோ. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைக் கேள்வி கேட்டது. கோவிலை நிர்வகிக்கும் தேவசம் வாரியத்தின் முன்னாள் தலைவர்களும் கைதானார்கள். வழக்கு நடக்கிறது, யார் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லட்டும்.

நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பத்திரத்தில் இருந்த ஒரு சொல்லை. பொன் என்று எழுதியிருந்தால் திரும்பி வரும்போது பொன்னைக் கேட்டிருப்பார்கள். செம்பு என்று எழுதியதால் செம்பு திரும்பினால் போதும் என்றாகிவிட்டது. சன்னிதானம் முழுக்கக் காவலர்கள் நிற்கும் தலம் அது. அங்கே காவலர் யாரும் தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சிங்கப்பூரில் குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. மாரியம்மன் கோவிலுக்கு 2023 பிப்ரவரி 12ஆம் தேதி நடந்தது. திருப்பணி நடக்கும் மாதங்களில் கலசங்கள் இறங்குகின்றன, கவசங்கள் மெருகுக்குப் போகின்றன, ஊரிலிருந்து சிற்பிகளும் தட்டார்களும் வருகிறார்கள், சாரம் கட்டியிருக்கிறது, கதவுகள் திறந்தே கிடக்கின்றன. பொருள் இடம் மாறுவது இந்தக் காலத்தில்தான் அதிகம். அப்போதுதான் எல்லோருக்கும் வேலையும் அதிகம். எழுதிவைக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

எம்பிரஸ் பிளேசுக்கு வந்த அம்மன்

நம் ஊரைத் தொட்ட இன்னொரு கதையும் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு சோழர் காலச் சிவன் கோவில். அங்கிருந்த செப்புத் திருமேனிகள் 2006ல் களவு போயின. போனது தெரியவந்தது 2008ல். இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

அவற்றில் நடராசர் 5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார், 2014ல் திரும்பினார். உமா பரமேசுவரி வந்து சேர்ந்தது சிங்கப்பூருக்கு. எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ல் நியூயார்க்கில் உள்ள சுபாஷ் கபூரின் கலைக்கூடத்திடமிருந்து 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து அவளை வாங்கியிருந்தது. 2015ல் இந்தியாவுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கபூருக்கு இன்னொரு கோவில் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

அந்தத் திருமேனிகள் எந்தக் கோவிலுக்கு உரியவை என்று எப்படி நிறுவினார்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோவில்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் சாட்சி சொன்னதில் முக்கியமானவை. படம் இல்லாத எத்தனையோ ஊர்களின் சாமிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டாலும், எங்கள் சாமி என்று சொல்ல வழியில்லாமல் நிற்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ராஜராஜன் நிறுத்துக் கொடுத்தான்

‘சாமிக்குக் கொடுத்ததற்குக் கணக்கா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பதில் தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் இருக்கிறது.

முதலாம் ராஜராஜன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்தார்கள். நகைகளை ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற கல்லால் நிறுத்தார்கள். எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று கல்லில் வெட்டினார்கள். முத்துகளை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு என்று தரம் பிரித்து எண்ணினார்கள். கல்லுக்கு அடியில் வைத்த அரக்கும் எடையில் சேர்ந்ததா என்பது வரை பதிவு இருக்கிறது. செப்புத் திருமேனிகளுக்குப் பாதம் முதல் கேசம் வரை எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள் என்ற விவரமும் உண்டு. கொடுத்தவன் பேரரசன், அவனை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனாலும் நிறுத்துத்தான் வாங்கினார்கள், எல்லோரும் படிக்கும் இடத்தில்தான் எழுதினார்கள்.

அந்தக் கல்வெட்டில் சொல்லப்பட்ட நகைகளும் பெரும்பாலான திருமேனிகளும் இன்று அங்கே இல்லை. எழுதிவைத்தது அழியவில்லை, எழுதியதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. பதிவேடு இருந்தால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

கூரை, கம்பி, குழாய்

உள்ளே இருப்பவர் எடுப்பது ஒரு வகை. வெளியே இருந்து வருபவனும் இல்லாமல் இல்லை. செம்பு விலையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 மே மாதம் லண்டன் சந்தையில் டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது.

பிரிட்டனில் இது பெருந்தொல்லை. அங்குள்ள பழைய தேவாலயங்களின் கூரை ஈயத் தகடுகளால் ஆனது. இரவோடு இரவாக அதை உரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இருபது தேவாலயங்களில் 2 மில்லியன் பவுண்டு அளவுக்கு இழப்பு ஏற்படுத்திய கும்பல் ஒன்று 2021ல் சிறைக்குப் போனது. திருடனுக்குக் கிடைப்பது பழைய ஈயத்தின் விலை. சபைக்கு ஏற்படுவது புதுக் கூரையின் செலவு, அதற்குள் மழை நனைத்துவிட்ட மரத்தளம், ஆர்கன், சுவரோவியம் எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் செலவு. சிறிய ஊர்களில் அதைத் திரட்ட முடியாமல் பல மாதங்கள் தார்ப்பாய் போட்டு வழிபாடு நடத்துகிறார்கள்.

அங்கே சட்டம் திருடனைத் துரத்துவதோடு நிற்காமல் வாங்குபவனையும் பிடித்தது. பழைய உலோகத்தை ரொக்கத்துக்கு வாங்கக் கூடாது, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், வாங்குபவர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காசோலை அல்லது வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் என்றால் பாதித் திருடர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

சிங்கப்பூரில் ஈயக் கூரை பிரச்சினை நமக்கு இல்லை. ஆனால் வீவக புளோக்குகளில் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் ஏற்றும் குழாயின் பித்தளை முனைகளை இங்கேயும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சில வெள்ளி பித்தளைக்காகப் போன அந்த முனை, தீப்பிடிக்கும் நாளில் ஒரு மாடி முழுவதற்கும் தண்ணீர் கிடைக்காமல் செய்யும். வழிபாட்டுத் தலத்தில் இதற்கு இணையானது இடிதாங்கியின் செப்புப் பட்டை. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள்கள் மின்னல் வெட்டும் தீவு இது. கோபுரத்திலிருந்து தரைக்கு வரும் அந்தப் பட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கை எட்டும் உயரத்தில் அதை வெட்டி எடுத்தாலும் மேலே கலசம் பத்திரமாகத் தெரியும். மறுமழையில்தான் உண்மை தெரியும்.

செய்யக்கூடியவை

முதலில் சாவி. பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவர் அர்ச்சகராக இருக்கலாம், மற்றவர் நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எண் குறியீட்டையும் சாவியையும் ஒருவரிடமே கொடுப்பது இரண்டு பூட்டு ஆகாது. ஒருவர் விடுப்பில் போனால் அவர் சாவி கையெழுத்துப் பெற்று மாற வேண்டும்.

இதை அர்ச்சகர்களை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை அனுமதியில் வந்து, அதிகாலையில் நடை திறந்து இரவில் சாத்தும் ஒருவரிடம் ஒரு மில்லியன் வெள்ளித் தங்கத்தைத் தனியாகக் கொடுத்து வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. ஒரு காதணி குறைந்தாலும் பழி அவர் தலையில்தான். இரண்டாவது சாவி நேர்மையான அர்ச்சகருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அவர்களே இதைக் கேட்க வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. தேதி முன்கூட்டியே தெரிந்தால் அதற்குப் பெயர் சரிபார்ப்பு இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சொல்லாமல் வந்து எண்ண வேண்டும். எண்ணினால் மட்டும் போதாது, நிறுக்கவும் வேண்டும். ஒரே மாதிரி தெரியும் முலாம் நகையை எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது, எடை காட்டிக்கொடுக்கும்.

யார் வந்து எண்ணுவது? இங்கிலாந்துத் திருச்சபையில் ஒவ்வொரு தேவாலயமும் தன் உடைமைகளின் பட்டியலை எழுதி வைத்திருக்க வேண்டும். அதைச் சபைக்கு வெளியே இருந்து வரும் மேலதிகாரி பார்ப்பார். நாமும் வெளியாளைக் கொண்டு செய்யலாம். சாங்கி வில்லேஜ் ராமர் கோவிலின் நிர்வாகத்தினர் இருவர் சிலோன் சாலை செண்பக விநாயகர் கோவிலுக்குப் போய் எண்ணட்டும். அங்கிருந்து இருவர் இங்கே வரட்டும். செலவு பேருந்துக் கட்டணம்தான். இந்து அறக்கட்டளை வாரியம் தன்கீழ் உள்ள நான்கு கோவில்களில் இதைத் தொடங்கினால் மற்றவை பின்தொடரும்.

படப் பதிவேடு மூன்றாவது. ஒவ்வொரு நகைக்கும், கவசத்துக்கும், உற்சவ மூர்த்திக்கும், விளக்குக்கும் முன்னும் பின்னும் படம், எடை, உலோகம், வந்த ஆண்டு, கொடுத்தவர். கைப்பேசி போதும், வட்டார இளையர்கள் சில வார இறுதிகளில் முடித்துவிடுவார்கள். ஒரு பிரதி கோவிலுக்கு வெளியே இருக்க வேண்டும். பட்டறைக்கு எதுவும் போகும்போது இருவர் முன்னிலையில் நிறுத்து, என்ன உலோகம் என்று சரியாக எழுதி அனுப்ப வேண்டும்; வரும்போதும் அதே இருவர், அதே தராசு.

அடகுக் கடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்குள்ள கடைகள் உரிமம் பெற்றவை. அடகு வைப்பவரின் அடையாளம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் ஒருவர் ஓராண்டில் 172 முறை வந்து போனது யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. பல கடைகளில் பிரித்து வைத்தால் ஒரு கடைக்குத் தெரியாமல் போகலாம். மொத்தமாகப் பார்க்க ஒழுங்குமுறை அமைப்பால் முடியும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் கேள்வி எழ வேண்டும் என்ற விதியைச் சட்ட அமைச்சு பரிசீலிக்கலாம். பழைய உலோகம் வாங்கும் கடைகளுக்கு ரொக்கமில்லாப் பரிமாற்றத்தைக் கட்டாயமாக்குவதும் நல்லது. காராங்குனிக்காரர் வாங்கும் பழைய செய்தித்தாளை இதில் இழுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஆண்டறிக்கை. எத்தனை வெள்ளி வந்தது, எத்தனை செலவானது என்று அச்சிடுகிறோம். மொத்தத் தங்கம் எத்தனை கிராம், வெள்ளி உலோகம் எத்தனை கிலோ, கடந்த ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று இரண்டு வரி சேர்ப்பதில் என்ன சிரமம்? எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டாம். எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும்.

தெம்பனிஸில் தாருல் குஃப்ரான் பள்ளிவாசல் இருக்கிறது, ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது, பன்னிரண்டு சீனக் கோவில்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டுக் கோவில் இருக்கிறது. 29ஆம் எண் பேருந்து ஏறினால் ராமர் கோவில். நீங்கள் எங்கே உறுப்பினரோ அங்கே அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். பெட்டகச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, கடைசியாக எடை பார்த்தது எப்போது என்ற இரண்டு கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் எழுதப்படும் வரை உட்காராதீர்கள்.